ஓடாத மோட்டாருக்குக் கூலி: விதியை யார் எழுதுவது?

சாயங்காலம் ஆகிவிட்டால் மும்முனை மின்சாரம் போய்விடும், இனி ராத்திரிதான் வரும் என்று கணக்குப் போட்டுப் பாசனம் செய்த காலத்தைத் தமிழ்நாட்டு விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். பகலில் 6 மணி நேரம், இரவில் 3 மணி நேரம் என்று முறை வைத்து மின்சாரம் விட்டார்கள். வீட்டு விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் மாலை வேளையில் பம்புசெட்டுகள் நின்றிருந்தால் மின்வாரியத்துக்குப் பாரம் குறையும். 2021 ஏப்ரல் முதல் 24 மணி நேரமும் மும்முனை மின்சாரம் என்று அரசு அறிவித்த பிறகு அந்த ஏற்பாடு மாறியது. மின்தேவை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. 2024 மே 2-ம் தேதி மாநிலத்தின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது.

கேட்காமல் நிறுத்தினால் அது மின்வெட்டு. முன்கூட்டியே கேட்டு, சம்மதம் வாங்கி, நிறுத்திய நேரத்துக்குப் பணமும் கொடுத்தால் அதற்கு 'டிமாண்ட் ரெஸ்பான்ஸ்' என்று பெயர். இந்தக் கட்டுரையில் அதைத் 'தேவைக் குறைப்பு' என்று சொல்வோம். பல நாடுகளில் ஆலைகளும் குளிர்பதனக் கிடங்குகளும் பம்புசெட் வைத்திருக்கும் விவசாயிகளும் இப்படிப் பணம் பெறுகிறார்கள்.

நம் நாட்டிலும் இதற்குக் காகிதத்தில் வழி திறந்தாகிவிட்டது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022-ல் வெளியிட்ட துணைச் சேவை விதிமுறைகளைப் பார்க்கலாம். மின்கட்டமைப்பைச் சமநிலையில் வைக்கும் சேவையை மின்நிலையங்களோடு, மின்பயன்பாட்டைக் குறைத்துத் தரக்கூடியவர்களும் வழங்கலாம் என்று அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த வழியில் இன்று நாளைக்கே பம்புசெட் விவசாயி நுழைந்துவிடப் போவதில்லை. ஆனால் ஒருநாள் அவருடைய மோட்டாரையும் கணக்கில் சேர்த்து யாரோ விற்கத்தான் போகிறார்கள். அப்போது கூலி யாருக்கு, எவ்வளவு, எதை வைத்துக் கணக்கு என்பதை வியாபாரம் தொடங்கும் முன்பே மாநில ஒழுங்குமுறை ஆணையம் எழுதி வைக்க வேண்டும். பிற்பாடு எழுதினால் விவசாயிக்குச் சாதகமாக எழுத முடியாது. இதை இப்போதே பேச வேண்டியது அதனால்தான்.

மின்சாரத்தின் மண்டி விலை

காய்கறிக்கு மண்டி இருப்பதுபோல மின்சாரத்துக்கும் மொத்தச் சந்தை இருக்கிறது. இந்திய மின்சாரப் பரிமாற்றச் சந்தை 2008-லிருந்து நடக்கிறது. ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக, அதாவது 96 துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி விலை வைக்கிறார்கள். அடுத்த நாளுக்கான விலை முந்தைய நாளே தெரிந்துவிடும். சூரிய மின்சாரம் கொட்டும் நண்பகலில் யூனிட் 2, 3 ரூபாய்க்குப் போகும். அதே மின்சாரம் கோடைகாலத்து மாலையில் 10 ரூபாயைத் தொட்டு நிற்கும். அந்த 10 ரூபாய்கூட, அதற்கு மேல் போகக் கூடாது என்று 2023-ல் மத்திய ஆணையம் வைத்த வரம்பு. ஒரே தக்காளி காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை என்று விற்றுப் பழகியவர்களுக்கு இது புரியாத விஷயமில்லை.

நம் மோட்டாருக்கு வருவோம். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 4 யூனிட் ஆகும். மாலையில் ஓடிக்கொண்டிருக்கும் அப்படிப்பட்ட 1 லட்சம் மோட்டார்களை நிறுத்தினால் சுமார் 400 மெகாவாட் குறையும். மேட்டூர் அனல் மின்நிலையத்தின் பழைய அலகு ஒன்று 210 மெகாவாட். அப்படி ஏறக்குறைய இரண்டு அலகுகள். தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புகள் 20 லட்சத்துக்கும் மேல். இதில் இன்னொரு வசதியும் உண்டு. நகரத்து வீட்டில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் அந்த நிமிடமே வேர்க்கும். தென்னைக்கும் வாழைக்கும் மாலை 7 மணிக்குப் பாயும் தண்ணீரை மறுநாள் காலை 10 மணிக்குப் பாய்ச்சினால் பெரும்பாலான நாட்களில் பயிருக்குக் கேடில்லை. மின்கட்டமைப்பை நடத்துபவர்களுக்கு இப்படித் தள்ளிப்போடக் கூடிய சுமை மதிப்புள்ள சரக்கு.

எவ்வளவு மதிப்பு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஓர் ஆண்டில் 60 மணி நேரம் மோட்டாரை நிறுத்த ஒப்புக்கொள்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 240 யூனிட் ஆகிறது. உச்ச விலையான 10 ரூபாய் முழுவதும் நம் கைக்கே வந்தாலும் 2,400 ரூபாய்தான். எரிந்துபோன மோட்டாரை ஒரு தடவை ரீவைண்டிங் செய்ய அது போதுமா என்பது சந்தேகம். நடுவில் ஒரு நிறுவனம் பாதியை எடுத்துக்கொண்டால் மிச்சம் 1,200. இதில் லட்சாதிபதி ஆகலாம் என்று யாராவது கூட்டம் போட்டுச் சொன்னால் நம்ப வேண்டாம்.

அமெரிக்காவில் நடந்த வழக்கு

இந்தக் கூலியைப் பற்றி அதிகமாகச் சண்டை நடந்த நாடு அமெரிக்கா. அங்கே மொத்த விற்பனைச் சந்தையை மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் கவனிக்கிறது. வீட்டுக்கும் கடைக்கும் தோட்டத்துக்கும் விற்கும் சில்லறை மின்சாரம் அந்தந்த மாநிலங்களின் பொறுப்பு. 2011 மார்ச்சில் மத்திய ஆணையம் 745-ம் எண் உத்தரவைப் போட்டது. சந்தையில் ஒரு யூனிட் உற்பத்தி செய்பவருக்கு என்ன விலை கிடைக்கிறதோ, அதே விலை ஒரு யூனிட்டைக் குறைப்பவருக்கும் தரப்பட வேண்டும் என்றது அந்த உத்தரவு. அதற்கு ஒரு நிபந்தனை. குறைப்பால் சந்தை விலை இறங்கி மற்ற நுகர்வோருக்குக் கிடைக்கும் லாபம், கொடுக்கும் கூலியைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

மின் உற்பத்தியாளர்கள் சங்கம் வழக்குப் போட்டது. அவர்கள் கேட்டது இரண்டு கேள்வி. ஒன்று, சில்லறை நுகர்வோர் விஷயத்தில் தலையிட மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் ஏது? இரண்டு, மோட்டாரை நிறுத்துபவருக்கு மின்கட்டணம் ஏற்கெனவே மிச்சமாகிறதே, அதற்கு மேல் முழுச் சந்தை விலையும் கொடுத்தால் ஒரே வேலைக்கு இரண்டு கூலி ஆகாதா? 2014 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் உற்பத்தியாளர்கள் பக்கம் நின்று உத்தரவை ரத்து செய்தது. 2016 ஜனவரி 25-ம் தேதி உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பை மாற்றி, ஆணையத்தின் உத்தரவு செல்லும் என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எலினா கேகன்.

இரட்டைக் கூலி என்ற வாதம் அமெரிக்காவில் வலுவான வாதம்தான். பொருளாதாரம் படித்த பலரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். தமிழ்நாட்டு விவசாயியிடம் அது செல்லாது. இங்கே விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். மோட்டாரை நிறுத்துவதால் அவருக்கு ஒரு பைசா கட்டணம் மிச்சமாவதில்லை. மிச்சமாவது மின்பகிர்மானக் கழகத்துக்கு. மீட்டர் இல்லாத இணைப்புகளுக்கு அரசு தரும் மானியம் மோட்டாரின் குதிரைத்திறனைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. மாலையில் மோட்டார் நின்றாலும் மானியம் குறைவதில்லை. 10 ரூபாய் கொடுத்துச் சந்தையில் வாங்க வேண்டிய மின்சாரம் மட்டும் வாங்காமல் போகிறது. 'இலவசமாகக் கொடுக்கிறோமே, அதற்கு மேல் கூலி எதற்கு' என்று அதிகாரிகள் கேட்கும்போது இந்தக் கணக்கைத்தான் எடுத்து வைக்க வேண்டும்.

அடிப்படை அளவு என்ற சிக்கல்

கூலி தருவது என்று முடிவானதும் அடுத்த கேள்வி வரும். நீங்கள் குறைத்தீர்கள் என்று எப்படித் தெரியும்? வழக்கமாக எவ்வளவு ஓட்டுவீர்கள் என்று தெரிந்தால்தான் எவ்வளவு குறைத்தீர்கள் என்று சொல்ல முடியும். அந்த வழக்கமான அளவைத்தான் அடிப்படை அளவு என்கிறார்கள். தேவைக் குறைப்பில் நடந்த மோசடிகள் பலவும் இந்த இடத்தைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன.

மெய்ன் மாநிலத்தில் ரம்ஃபோர்டு என்ற காகித ஆலை இருந்தது. அதற்குச் சொந்தமாக மின் உற்பத்தி இயந்திரங்கள் உண்டு. தன் தேவையில் பெரும்பகுதியைத் தானே தயாரித்துக்கொள்ளும். அடிப்படை அளவை எடுக்கும் நாட்களில் மட்டும் சொந்த உற்பத்தியைக் குறைத்துவிட்டு வெளியிலிருந்து மின்சாரத்தை அதிகமாக வாங்கியது. அளவு உயர்ந்து பதிவானதும் இயந்திரங்களைப் பழையபடி ஓட்டி, 'நாங்கள் இவ்வளவு குறைத்துவிட்டோம்' என்று பணம் வாங்கியது. மத்திய ஆணையம் விசாரித்தது. 2013-ல் 1 கோடி டாலர் அபராதத்தோடு சமரசம் முடிந்தது. ஆலை எதையும் குறைக்கவில்லை. காகிதத்தில் மட்டும் குறைந்தது.

இதே விதியை நம் ஊரில் அப்படியே கொண்டுவந்தால் என்ன ஆகும்? கடந்த ஆண்டு எவ்வளவு ஓட்டினாரோ அதை அடிப்படையாக வைத்தால், வாய்க்காலில் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தூங்கியவருக்கு அளவு பெரிதாக இருக்கும்; அவருக்கே அதிகக் கூலி. கடன் வாங்கிச் சொட்டுநீர்க் குழாய் போட்டவர் ஏற்கெனவே குறைவாக ஓட்டுகிறார். அவர் குறைத்துக்காட்ட எதுவுமே மிச்சமில்லை. சிக்கனமாக இருந்ததற்கு அவருக்குத் தண்டனை. மின்சாரம் இலவசம் என்பதால், அளவை உயர்த்த இரண்டு வாரம் மோட்டாரைச் சும்மா ஓட்டவும் செலவில்லை. காகித ஆலைக்காவது வெளி மின்சாரத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. இங்கே நிலத்தடி நீர்தான் வீணாகப் போகும்.

சித்திரையில் கிணறு வற்றிக் கிடக்கும் தோட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். அவர் மோட்டார் எப்படியும் ஓடாது. ஓடாத அந்த மோட்டாரைக் காட்டி ஒரு நிறுவனம் சந்தையில் குறைப்பு விற்றால், அது இல்லாத சரக்கை விற்பது. அந்த விவசாயி ஏமாற்றவில்லை. அவர் பெயரில் ஏமாற்று நடக்கும்.

பஞ்சாப் இதற்கு வேறு வழி பார்த்தது. 'பாணி பசாவோ, பைசா கமாவோ' என்று 2018-ல் தொடங்கிய திட்டம் அது. தண்ணீரைச் சேமி, பணம் சம்பாதி என்று பொருள். மோட்டாரின் குதிரைத்திறனுக்கு ஏற்ப மாதத்துக்கு இவ்வளவு யூனிட் என்று ஒதுக்கினார்கள். அதற்குள் மிச்சம் பிடித்தால் யூனிட்டுக்கு 4 ரூபாய் வங்கிக் கணக்கில் சேரும். ஒதுக்கீட்டைத் தாண்டி ஓட்டினாலும் கட்டணம் கிடையாது. சேர்வதும் சேராததும் விவசாயியின் விருப்பம். அங்கும் விவசாய மின்சாரம் இலவசம். நிலத்தடி நீர் நம்மைப்போலவே அபாயத்தில் இருக்கிறது. பழைய பயன்பாட்டைப் பார்க்காமல் குதிரைத்திறனைப் பார்த்ததால் சிக்கனமானவர் அதில் தோற்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் மொத்தச் சந்தையில் விற்க அது போதாது. அங்கே வாங்குபவருக்கு மாதக் கடைசியில் மிச்சமான யூனிட்டால் பயனில்லை. இன்று மாலை 7 மணி முதல் 9 மணி வரை உண்மையிலேயே சுமை இறங்கியதா என்பதுதான் அவருக்கு முக்கியம். அதை அளக்க மீட்டர் வேண்டும். மீட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டு விவசாயிக்கு வரும் பயத்தை யாரும் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மீட்டர் பயம்

மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-லும் 1972-லும் கொங்கு மண்டலத்தில் நடந்த போராட்டங்கள் சாதாரணமானவை அல்ல. 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை நகரத்தை மாட்டுவண்டிகள் நிறைத்தன. துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் இறந்தார்கள். பிறகு 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் அனைவருக்கும் மின்சாரம் இலவசமானது. ரத்தம் சிந்திப் பெற்ற ஒன்றை ஒரு சின்னப் பெட்டி மூலம் பறித்துவிடுவார்கள் என்று அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. 'கணக்குப் பார்க்கத்தான் மீட்டர்' என்ற வாய்மொழி உறுதியை எந்தச் சங்கமும் நம்பாது.

எனவே ஒவ்வொரு கிணற்றுக்கும் மீட்டர் மாட்டாமலே இதைச் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியும் என்றே நினைக்கிறேன். ஒரு டிரான்ஸ்பார்மரிலிருந்து பத்துப் பதினைந்து மோட்டார்கள் ஓடுகின்றன. அந்த டிரான்ஸ்பார்மரில் ஒரு மீட்டர் இருந்தால், மாலை 6.45-க்கு இருந்த சுமை 7 மணிக்கு எவ்வளவு இறங்கியது என்று தெரிந்துவிடும். வற்றிய கிணற்றுக்காரரின் ஓடாத மோட்டார் அந்தக் கணக்கில் வராது. பழைய ஆண்டு அளவை உயர்த்திக் காட்டவும் வழியில்லை. கிடைக்கும் தொகையைச் சேர்ந்தவர்களுக்குள் குதிரைத்திறனுக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ளலாம். குஜராத் 2003-ல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் விவசாயத்துக்குத் தனி ஃபீடர் பிரித்ததுபோல இங்கும் முழுமையாகப் பிரித்தால், துணைமின் நிலையத்திலேயே மொத்தக் கணக்கையும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இதிலும் குறை உண்டு. 6.45-க்கு மட்டும் எல்லாரும் மோட்டாரைப் போட்டு 7 மணிக்கு நிறுத்தினால் கணக்கு ஏறும். அதனால் ஒரு நிமிடத்து அளவை மட்டும் பார்க்காமல், அன்று மதியம் முதல் ஓடிய போக்கையும் அதே வாரத்தில் குறைப்பு கேட்கப்படாத நாட்களின் மாலைச் சுமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூட்டாகச் சேர்ந்த பிறகு ஒருவர் மட்டும் 7 மணிக்கு மோட்டாரைத் தட்டிவிட்டால் மற்றவர் கூலி குறையும். ஏரிப் பாசனத்தில் முறைத் தண்ணீர் பங்கிட்டுப் பழகிய ஊர்களுக்கு இந்தச் சச்சரவைத் தீர்க்கத் தெரியும். முடியாத ஊர் சேர வேண்டிய கட்டாயமில்லை.

மீட்டர் விஷயத்தில் விதி ஒன்று தெளிவாக இருக்க வேண்டும். தேவைக் குறைப்புக்காக எடுக்கும் எந்த அளவையும் கட்டணம் விதிக்கவோ இலவச மின்சாரத்துக்கு வரம்பு கட்டவோ பயன்படுத்தக் கூடாது. இதை அதிகாரியின் சுற்றறிக்கையில் எழுதினால் போதாது; ஆணையத்தின் ஒழுங்குமுறை விதியிலேயே இருக்க வேண்டும். 2023-ல் மத்திய அரசு நேரத்துக்கு நேரம் மாறும் கட்டண விதியைக் கொண்டுவந்தபோது விவசாய இணைப்புகளுக்கு அதிலிருந்து விலக்கு அளித்தது. விலக்கை விதியில் எழுத முடியும் என்பதற்கு அதுவே உதாரணம்.

ஐடஹோ விவசாயிகளின் ஒப்பந்தம்

பம்புசெட் விவசாயிகளுக்கு இது எப்படி நடக்கிறது என்று பார்க்க ஐடஹோ மாநிலம் நல்ல இடம். உருளைக்கிழங்குக்குப் பேர்போன, மழை குறைந்த பகுதி. கோடையில் பாசன மோட்டார்களே மின்நிறுவனத்தின் பெரிய சுமைகளில் ஒன்று. அங்கே மொத்தச் சந்தையில் விவசாயி நேரடியாகப் போவதில்லை. ஐடஹோ பவர் என்ற மின்நிறுவனமே விவசாயியோடு ஒப்பந்தம் செய்து, கோடை மாலைகளில் மோட்டாரைத் தொலைவிலிருந்து நிறுத்துகிறது. பணம் மின்கட்டண ரசீதில் கழிவாக வருகிறது. ஒரு நாளில் அதிகபட்சம் 4 மணி நேரம், ஒரு பருவத்தில் 60 மணி நேரம் என்று வரம்பு உண்டு. நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் தயாராக இருப்பதற்கு ஒரு நிலையான தொகை, கூடுதலாக நிறுத்தினால் அதற்குத் தனி. தேவையான நாளில் விலகிக்கொள்ளலாம். அதற்கு அபராதம் உண்டு.

எனக்கு இதில் பிடித்தது மணி நேர வரம்பும் நிலையான தொகையும். நாற்று விட்ட வாரத்தில், வாழை குலை தள்ளும் நேரத்தில், சொட்டுநீரில் உரம் விட்டுக்கொண்டிருக்கும்போது மோட்டாரை நிறுத்தினால் நஷ்டம் 2,400 ரூபாயில் அடங்காது. வரம்பில்லாத ஒப்பந்தத்தில் எந்த விவசாயியும் கையெழுத்துப் போடக் கூடாது. விலகும் உரிமைக்கு நம் ஊரில் அபராதமும் கூடாது. அன்றைய கூலி கிடைக்காது என்பதே போதும்.

பிடிக்காத ஒன்றும் நடந்தது. மின்சாரத் தேவை இப்போதைக்கு இல்லை என்று சொல்லி 2013 கோடையில் அந்தத் திட்டத்தை நிறுவனம் நிறுத்தி வைத்தது. பிறகு மாநில ஆணையத்தின் முன் பேச்சு நடந்து புதிய நிபந்தனைகளோடு தொடர்ந்தது. தானியங்கி ஸ்டார்ட்டர் வாங்கி, வேலையாட்களை மாற்றி அமைத்து, இந்த வருமானத்தை நம்பியவர்களுக்கு அந்த ஆண்டு ஏமாற்றம்தான். இங்கே வரும் ஒப்பந்தம் குறைந்தது ஐந்து ஆண்டுக்கு இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதை மனதில் வைத்துத்தான். கருவியின் செலவு விவசாயி தலையில் விழவும் கூடாது.

நடுவில் நிற்பவர்

பத்து மோட்டாரை வைத்துக்கொண்டு யாரும் மொத்தச் சந்தைக்குப் போக முடியாது. ஆயிரக்கணக்கில் திரட்டித் தருவதற்கு ஓர் இடைநிலை நிறுவனம் வேண்டும். அமெரிக்க மத்திய ஆணையம் 2008-ல் 719-ம் எண் உத்தரவில் இப்படித் திரட்டுபவர்களைச் சந்தைக்குள் விட்டது. கூடவே, தன் மாநிலத்தில் இது வேண்டாம் என்று மாநில ஒழுங்குமுறை அமைப்பு தடுக்கலாம் என்றும் வைத்தது. சிறிய மின்நிறுவனங்களின் பகுதியில் உள்ளூர் அமைப்பு வெளிப்படையாக அனுமதித்தால்தான் நுழைய முடியும். கிராமப்புற மின் கூட்டுறவுச் சங்கங்கள் பலவும் அந்த அளவில் அடங்கியவை. நடுமேற்குப் பகுதியில் பல மாநிலங்கள் தடுத்தன. தடுத்ததால் மின்நிறுவனங்களின் பிடி தளரவில்லை என்று ஒரு தரப்பும், விடாமல் இருந்ததால் நுகர்வோர் தப்பித்தார்கள் என்று இன்னொரு தரப்பும் இன்றுவரை பேசுகின்றன.

தமிழ்நாட்டில் முழுக் கதவடைப்பு வேண்டியதில்லை. மின்வாரியம் மட்டுமே வாங்குபவர் என்றால் அது சொன்னதுதான் விலை. ஆனால் தனியார் நிறுவனம் தனித்தனி விவசாயியிடம் கையெழுத்து வாங்கும் முறை கூடவே கூடாது. கரும்பு ஆலை ஒப்பந்தத்திலும் கோழிப்பண்ணை ஒப்பந்தத்திலும் சிறிய எழுத்தில் இருந்த நிபந்தனைகளைப் படிக்காமல் கையெழுத்திட்டவர்கள் பட்டது போதும். தொடக்கக் கூட்டுறவுச் சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், பாசனச் சங்கம் இவற்றில் ஒன்றோடுதான் ஒப்பந்தம் என்று விதி இருக்க வேண்டும். சந்தையில் கிடைத்த விலை என்ன, இடையில் எடுத்தது எவ்வளவு என்பது ரசீதில் தமிழில் அச்சாக வேண்டும். நான்கில் மூன்று பங்காவது விவசாயிக்கு வரவேண்டும் என்பது என் கணக்கு. ஆணையம் விசாரித்து வேறு விகிதம் வைத்தாலும் அது விதியில் இருக்க வேண்டும், பேரத்தில் விடக் கூடாது.

பணத்தைவிடப் பலருக்குப் பயன்படும் கூலி ஒன்று இருக்கிறது. மாலை இரண்டு மணி நேரத்தை விட்டுக்கொடுக்கும் டிரான்ஸ்பார்மருக்குப் பகலில் தடையில்லாத, சரியான அழுத்தமுள்ள மும்முனை மின்சாரம் உறுதி என்று எழுதித் தந்தால், 2,400 ரூபாயை வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். குறைந்த அழுத்தத்தில் எரிந்துபோகும் மோட்டாரின் செலவும், நடுராத்திரியில் மடை திருப்பப் போய்ப் பாம்பு கடிக்கும் அபாயமும் எந்தச் சந்தை விலையிலும் வராது. பணமா, பகல் மின்சாரமா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்த டிரான்ஸ்பார்மர்காரர்களுக்கே விடப்பட வேண்டும். உறுதியளித்த பகல் மின்சாரம் வராத நாளுக்குப் பணம் தந்தாக வேண்டும்.

தொழில்நுட்பத்தில் ஒரு எச்சரிக்கை. இரவு 9 மணிக்கு மின்சாரம் திரும்பியதும் தானியங்கி ஸ்டார்ட்டர் வைத்த எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பினால் டிரான்ஸ்பார்மர் தாங்காது. சில நிமிட இடைவெளி விட்டு ஒவ்வொரு குழுவாகக் கிளம்பும்படி டைமர் வைக்க வேண்டும். இன்னொன்று, இதை நிலத்தடி நீர்ச் சேமிப்பு என்று யாரும் விளம்பரப்படுத்த வேண்டாம். மாலையில் இறைக்காத தண்ணீரைக் காலையில் இறைத்துவிடுவோம். நேரம்தான் மாறுகிறது.

மின்கட்டண உத்தரவுகளுக்கு முன் மாநில ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது. 2022-ல் கோவை, மதுரை, சென்னை ஆகிய ஊர்களில் நடந்தது. தொழிற்சாலைகள் சார்பில் வழக்கறிஞர்களும் கணக்காளர்களும் அங்கே தயாராக வருகிறார்கள். விவசாயச் சங்கங்கள் இலவச மின்சாரத்தைத் தொடாதே என்ற ஒரே கோரிக்கையோடு திரும்பிவிடுகின்றன. அடுத்த கூட்டத்தில் தேவைக் குறைப்புக்குத் தனி விதி வேண்டும் என்று எழுத்தில் கொடுக்கலாம். எழுத்தில் கொடுத்ததற்கு உத்தரவில் பதில் சொல்ல வேண்டிய கடமை ஆணையத்துக்கு உண்டு.

வேளாண்மைத் துறையிலும் வேளாண் பொறியியல் துறையிலும் கிராமங்களுக்குப் போகும் அலுவலர்கள் அதற்கு முன்பே ஒரு வேலை செய்யலாம். ஒரு டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொண்டு, எத்தனை மோட்டார், எந்த மாதத்தில் எந்த நேரத்தில் ஓடுகிறது, எந்தப் பயிருக்கு எந்த வாரத்தில் நிறுத்தவே முடியாது என்று எழுதி வைக்கட்டும். மின் அட்டையில் 5 குதிரைத்திறன் என்றிருக்கும், கிணற்றில் இறங்கியிருப்பது ஏழரையாக இருக்கும். பல ஊர்களில் இதுதான் நிலை. குதிரைத்திறன் அடிப்படையில் கூலி பிரிக்கும் நாள் வந்தால், அட்டையில் உள்ள எண்ணுக்குத்தான் பணம் வரும்.